நல்லமுத்துவின் லோரிக்கு முதுகு மாறும்

மெர்லிமாவில் என் மோட்டார் பட்டறைக்கு அடுத்த வீடு நல்லமுத்துவுடையது. எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறான். பகலில் பெரிய லோரி, வீட்டுக்கு வந்தால் கையளவு லோரி. பலகைத் துண்டு, பிளாஸ்டிக் குழாய், அட்டை, எது கிடைத்தாலும் அறுத்து லோரி செய்துவிடுவான். செய்வதெல்லாம் சாப்பாட்டு மேசை மேல்தான். அதனால் அந்த வீட்டில் சாப்பாடு தரையில்.

அவன் மனைவி பவானேஸ்வரி பொறுத்துப் பார்த்தாள். கடைசியில், மேசையில் ஒரே ஒரு லோரிதான் நிற்கலாம் என்று சொல்லிவிட்டாள். அவன் ஓட்டியதோ நாலு விதம். தோட்டத்தில் தண்ணீர் டாங்கி, பிறகு மணல், இப்போது குலை. வருஷத்துக்கு ஒருமுறை கோயில் திருவிழாவில் சாமி அலங்காரம். எதை விடுவது? அப்போதுதான் காந்தம் வாங்கினான். தலையும் சக்கரமும் ஒன்றே, சுமை ஏற்றும் முதுகை மட்டும் கழற்றி மாற்றலாம். சட்டைப் பொத்தான் அளவுக் காந்தம், லோரியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. அதற்கு நேராக ஒவ்வொரு முதுகின் அடியிலும் இரண்டு. கிட்டே கொண்டுபோனாலே இழுத்துக்கொண்டு 'டக்' என்று உட்காரும்.

எனக்கு அது புதுசாக இருந்தது. "எந்தப் பக்கம் ஒட்டும், எந்தப் பக்கம் தள்ளும்னு எப்படிடா தெரியும்?" என்று கேட்டேன்.

"எல்லாத்தையும் ஒண்ணு மேல ஒண்ணா அடுக்குனா ஒரே பக்கம் பார்த்து நிக்கும்ண்ணே. மேல் பக்கத்துல சிவப்பு மார்க்கரால ஒரு புள்ளி. ஒட்டுறப்ப புள்ளி வானத்தப் பார்க்கணும். அவ்ளோதான் லா."

பவானேஸ்வரி உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். "தீபாவளிக்கு என் தங்கச்சி வீட்டுக்காரங்க வர்றாங்க. அதுக்குள்ள முடிங்க. நான் லோரியத் தலைகீழாப் பிடிச்சு ஆட்டுவேன். ஒண்ணு விழுந்தாலும் மேசை எனக்கு, லோரி கொட்டகைக்கு."

அந்தக் கொட்டகை ஒழுகும். அட்டையும் பலகையும் அங்கே ஒரு மழை தாங்காது. அவன் முகம் சுருங்கிப்போனது.

லோரியில் காந்தம் ஒட்டியாகிவிட்டது. முதுகுகளுக்கான மீதியை, எந்தப் பக்கம் மேலே என்று பார்க்காமல், பிஸ்கட் டின் மூடியில் தள்ளித் தள்ளி ஒட்டி வைத்திருந்தான். அடுத்து ஆயுத பூசை வந்தது. நான் பட்டறையில் ஸ்பேனருக்கும் ஜாக்கிக்கும் பொட்டு வைத்தேன், அவன் பெரிய லோரிக்கு மாலை போட்டான்.

பூசை முடிந்து சில நாள் கழித்து, "அண்ணே, வந்து பாருங்க" என்று கூப்பிட்டான். குலைக் கூண்டை லோரி மேல் வைத்தான். முன்பக்கம் ஒட்டியது. பின்பக்கம் சட்டென்று மேலே தூக்கிக்கொண்டு நின்றது.

"டிப்பர் லோரியா செஞ்சே?"

"சும்மா இருங்கண்ணே." டாங்கியை எடுத்து வைத்தான். அது வழுக்கி ஓரமாய் விழுந்தது. "புள்ளியப் பார்த்துத்தான் ஒட்டுனேன். எப்படித் தப்பும்?"

"ஒட்டுறதுக்கு முன்ன ஒரு தடவ வச்சுப் பார்க்க மாட்டியா?"

"புள்ளிதான் இருக்கேன்னு விட்டுட்டேன்."

மூடியில் மிச்சமிருந்த காந்தங்களில் ஒன்றைப் பிடுங்கித் திருப்பிப் பார்த்தான். மேலும் சிவப்பு, அடியிலும் சிவப்பு. விரலால் தேய்த்தான். மேலே இருந்தது கலைந்தது. விரலை முகர்ந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினான். சந்தன வாசனை.

"பவானி! காந்தத்துக்கு என்ன செஞ்சே?"

"சந்தனம் தொட்டு குங்குமப் பொட்டு வச்சேன். ஊருக்கெல்லாம் ஆயுத பூசை, உங்க ஆயுதத்துக்கு மட்டும் இல்லையா? மறுநாள் துடைச்சும் வச்சேனே."

"போச்சு! குங்குமக் கறை அப்படியே நிக்குது. எது புள்ளி, எது பொட்டுன்னு தெரியாம ஒட்டிட்டேன்."

"நல்லதுக்குத்தான் வச்சேன். என் தலையில போடாதீங்க."

அவள் மூடியைக் கையில் எடுத்தாள். ஒரு காந்தத்தைப் பிடுங்கி மூடியில் வைத்தாள், ஒட்டியது. புரட்டி வைத்தாள், அப்போதும் ஒட்டியது. மறுபடியும் புரட்டினாள். கோபம் போய், அவள் முகத்தில் ஏதோ தேடுகிற மாதிரி ஒரு பார்வை வந்தது.

"இந்தத் தகரம் பக்கம் பார்க்கலையே. எப்படி வச்சாலும் சேர்த்துக்குது. அப்ப முதுகுக்கு அடியில காந்தம் எதுக்கு?"

நல்லமுத்து அவளைப் பார்த்தான். நான் எழுந்து பட்டறைக்குப் போனேன். பளபளப்பாய் இருக்கட்டும் என்று முதலில் ஸ்டெயின்லெஸ் வாஷர் கொண்டுவந்தேன். காந்தம் அதைச் சீண்டவே இல்லை. திரும்பப் போய், பழைய வண்டியில் கழற்றிய துருப்பிடித்த இரும்பு வாஷர்களைக் கொண்டுவந்தேன். லபக்கென்று பிடித்துக்கொண்டது. நல்லமுத்து முதுகுகளின் அடியிலிருந்த காந்தத்தையெல்லாம் கத்தியால் நெம்பி எடுத்துவிட்டு, அந்தக் குழியில் வாஷரை ஒட்டினான். காந்தத்தோடு காந்தம் பிடிக்கிற பிடி இதில் இல்லை. தாங்குமா என்று அவனுக்கே சந்தேகம்.

தீபாவளிக்கு முதல் நாள் பவானேஸ்வரி மாவுக் கையைக் கழுவிவிட்டு வந்தாள். நாலு முதுகையும் ஒவ்வொன்றாக மாட்டச் சொன்னாள். ஒவ்வொரு தடவையும் லோரியைத் தலைகீழாகப் பிடித்து, புளிய மரத்தை உலுக்குகிற மாதிரி உலுக்கினாள். நல்லமுத்து கீழே கையேந்தி நின்றான். சாமி அலங்காரம் மாட்டியபோது மட்டும் மெதுவாக ஆட்டினாள். எதுவும் விழவில்லை.

"சரி, மேசை உங்களுக்கு," என்றாள். "ஆனா அடுத்த வருஷமும் நான் பொட்டு வைப்பேன். ஒளிச்சு வைக்கக் கூடாது."

"நீ எந்தப் பக்கம் வேணும்னாலும் வை."

தீபாவளியன்று அவள் தங்கச்சி குடும்பத்தோடு நானும் அங்கேதான் சாப்பிட்டேன். தரையில் பாய் விரித்து. நான் எழுந்திருக்க ரெண்டு பேர் கைகொடுக்க வேண்டியிருந்தது. மேசை மேல் லோரி, கூண்டு நிறைய முறுக்கோடு நின்றது.