பூண்டு இல்லாத கொள்ளுப் பொடி

சித்தப்பா ஐ.நா. படையோடு போய் காங்கோவில் அமைதி காத்துக்கொண்டிருந்த கோடையில், ஒடுகத்தூரில் எங்கள் தெருப் பெண்கள் கொள்ளு வறுத்துக்கொண்டிருந்தார்கள். கடல் கடந்து போன சிப்பாய்களுக்கு ஊர்ப் பெண்கள் பை தைத்து அனுப்புவதென்று பள்ளிக்கூடத்தில் ஏற்பாடாகியிருந்தது. பைக்குள் சோப்பு, சீப்பு, ஊசி நூல், கைக்குட்டை, எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பொட்டலம் கொள்ளுப் பொடி. யார் பெயரையும் எழுதக் கூடாது, எந்தப் பை யார் கைக்குப் போகுமென்று யாராலும் சொல்ல முடியாது என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார்.

சாமான்கள் வரிசைப்படி விழுகின்றனவா என்று பார்க்கும் வேலையை நானாகவே எடுத்துக்கொண்டேன். சோப்புக்கு முன்னால் சீப்பைப் போட்டவர்களை, எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி போட வைத்தேன். பொறுத்துக்கொண்டார்கள்.

தகராறு பூண்டில் வந்தது. எதிர்வீட்டு அத்தை ஒரு முறம் பூண்டு உரித்துக் கொண்டுவந்தார். எங்கள் பக்கத்தில் பூண்டு போடாத கொள்ளுப் பொடியை மாட்டுக்குக்கூட வைக்க மாட்டார்கள். கல்யாணமாகி வந்து ஒரு வருடம்கூட ஆகாத சித்தி, அந்த முறத்தை உரலுக்குப் பக்கத்தில் வரவிடவில்லை. தூரப் பயணத்தில் பூண்டு ஈரம் விட்டுப் பொடி கெட்டுவிடும் என்றார். வறுத்த பூண்டு ஈரம் விடாது, நம் வீட்டு ஜாடியில் தை மாதத்துப் பொடி இன்னும் நன்றாக இருக்கிறது என்று நான் எல்லார் முன்னிலும் விளக்கினேன். சித்தி என்னைப் பார்த்த பார்வையைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

அத்தை முறத்தைக் கீழே வைத்தார். "இன்னாடி, உன் வூட்டுக்காரருக்குப் பூண்டு ஆவாதுன்னா, பட்டாளம் மொத்தமும் பத்தியம் இருக்கணுமா?"

பெண்கள் சிரித்தார்கள். சித்தியும் சிரித்தார், ஆனால் உலக்கையை விடவில்லை. அத்தனை பொடியையும் தானே இடிப்பதாகச் சொல்லி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் போய் நியாயத்தை எடுத்துச் சொன்னேன். சித்தப்பா ஒருத்தர், பைகளோ ஒரு வண்டி. அவர் கைக்குப் போகும் ஒன்றில் மட்டும் பூண்டை விட்டுவிட்டால் போதாதா?

சித்தி நிறுத்தி மூச்சு வாங்கினார். "அது எந்தப் பையி, நீயே சொல்லு கண்ணு."

யோசித்துப் பார்த்து, சொல்ல முடியாது என்றேன்.

"அதான்," என்று சொல்லிவிட்டு மறுபடி இடித்தார்.

அத்தை பூண்டை முந்தானையில் அள்ளிக் கட்டிக்கொண்டு, இன்னொரு உலக்கையை எடுத்துவந்து எதிரில் நின்றார். இரண்டு உலக்கையும் மாறி மாறி விழுந்தன. மற்றப் பெண்கள் பூண்டில்லாத பொடியைப் பொட்டலம் கட்ட உட்கார்ந்தார்கள்.

வாதத்தில் ஜெயித்தது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியிருக்க எல்லாரும் ஏன் சித்தி பக்கம் போனார்கள் என்பதுதான் வெகுநாள் வரை பிடிபடவில்லை.