டப்பாவுக்குள் கிடந்த இடது காது

எனக்குப் பள்ளிக்கூட வாசனை கிடையாது. ஆனால் எல்லாம் தெரியும் என்ற நினைப்புக்குக் குறைச்சல் இல்லை.

காது மந்தமான எனக்கு, வலது காதுக்குள் கருவி பதிக்கும் காக்ளியர் இம்பிளான்ட் ஆபரேஷன் முடிந்ததும், "இடது காதுக்குப் பழைய காது மெஷினையும் சேர்த்தே போடுங்க" என்றார் ஆஸ்பத்திரி மேடம். ஒரு மாட்டுக்கு எதற்கு இரண்டு மூக்கணாங்கயிறு என்று நான் அதை டப்பாவில் போட்டுவிட்டேன். புதுக் காதில் என் மனைவி தகர டின்னுக்குள் இருந்து பேசுவதுபோல் இருந்தது. அதை அவளிடமே சொல்லித் திட்டும் வாங்கினேன்.

ஒருநாள் ஆடு மேய்க்கக் கிளம்பும்போது, என் சோற்றுப் பையில் அந்த டப்பாவை வைத்தாள்.

"போடாட்டியும் சொமந்துக்கிட்டாவது போங்க."

சாயங்காலம் தைலமரக் காட்டில் சினையாடு ஒன்றைக் காணவில்லை. அது கத்துவது கேட்டது. ஆனால் எல்லாச் சத்தமும் வலது பக்கமே வந்ததால், செக்குமாடு மாதிரி வலது பக்கமாகவே சுற்றினேன். இருட்டினால் நாய்கள் ஆட்டை விடாது.

வேறு வழியில்லாமல் டப்பாவைத் திறந்து, இடது காதிலும் மாட்டினேன். அடுத்த கத்தல் தெளிவாக இடது பக்கம் கேட்டது. அங்கிட்டே நடந்தேன். முள்வேலியில் சிக்கிய ஆடும், அப்போதுதான் பிறந்த குட்டியும் கிடந்தன. ஆட்டை விடுவித்து, குட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி ஊருக்குள் வந்தேன்.

"ஆடு கெடச்சிருச்சா?" என்றாள் மனைவி. தகர டின் இல்லை. அவளுடைய பழைய குரல்.

"ஒன் குரலு இப்பத்தான் சரியாயிருக்கு."

"எங்குரலு எப்பவும் சரியாத்தான் இருந்துச்சு. குட்டியை எறக்குங்க."

திட்டும்போது மெஷினைக் கழற்றிவிடலாமே என்று கூட்டாளிகள் கேட்கிறார்கள். மாட்டேன். அவள் திட்டைக்கூட இரண்டு காதாலும் கேட்டால்தான் முழுசாக இருக்கிறது.