பன்னிரண்டில் ஒன்று

நேற்று சாயங்காலம் கடையில் ஒரு டஜன் வெள்ளை ரோஜாவை எடுத்துத் தள்ளுவண்டியில் வைத்தேன். வைத்த வேகத்தில் என் ஆறு வயது மகள் அதிலிருந்து ஒன்றை உருவினாள். "நோ அம்மா! ஒலேனா ஆன்டிக்கு லெவன்!"

சரியாகத்தான் சொன்னாள். ஆனால் இந்தப் பூ ஒலேனா ஆன்டியின் இறுதிப் பிரார்த்தனைக்கு. அதை அவளிடம் எப்படி விளக்குவது என்று தெரியாமல், எதிரில் இருந்த டில் கீரைக் கட்டை எடுத்து முகர்ந்தேன். தேவையில்லாத எதையாவது எடுத்துப் பார்ப்பதுதான் நான் யோசிக்கிற லட்சணம்.

அந்த வாசனை என்னை பிளெய்ன்ஸ்பரோவில் எங்கள் முதல் அபார்ட்மென்ட்டுக்கே கொண்டுபோய்விட்டது. மகள் கைக்குழந்தை. எதை ஊட்டினாலும் துப்புவாள். எடை ஏறவில்லை என்று டாக்டர் உதட்டைப் பிதுக்குவார். எனக்கோ லீவு முடியப்போகிறது. சாப்பிடாத குழந்தையை டேகேரில் விடுவதா, வேலையை விடுவதா? காலையில் ஒரு முடிவு, மத்தியானம் இன்னொன்று. ஒருநாள் அழுகைச் சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஒலேனா ஆன்டி கதவைத் தட்டினார். எண்பதை நெருங்கிய வயது, பூப்போட்ட ஸ்கார்ஃப், கையில் ஒரு கிண்ணம். அவர் பேசிய இங்கிலீஷ் என் ஞாபகத்தில் ஏனோ தமிழாகத்தான் தங்கியிருக்கிறது.

"யாரு அழறது? நீயா, அவளா?"

கிண்ணத்தில் மசித்த உருளைக்கிழங்கு, வதக்கிய வெங்காயம், மேலே பொடியாக நறுக்கிய டில்.

"வெங்காயத்தை எதுல வதக்கினீங்க ஆன்டி?"

"பட்டர்."

"வெறும் பட்டர்தானே? நாங்க வெஜிட்டேரியன்..."

"பட்டர், பட்டர்! இன்னொரு தடவை கேட்டா பன்னிக் கொழுப்புன்னு சொல்லிடுவேன்."

நான் சிரிப்பதற்குள் மகள் ஒரு வாய் விழுங்கி, அடுத்ததற்கு வாயைத் திறந்திருந்தாள். நான் வேலைக்குப் போனேன்; பகலெல்லாம் மகள் எதிர்வீட்டில் வளர்ந்தாள்.

ஆன்டி சிறுமியாக இருந்தபோதே போர் அவரை உக்ரைனிலிருந்து துரத்தியது. ஜெர்மனியில் அகதி முகாம், பிறகு கப்பல். இங்கே தையல் ஃபேக்டரியில் உழைத்து நாலு பிள்ளைகளை வளர்த்தார். படுத்த படுக்கையான கணவரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டார். சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்கு உக்ரைன் மொழி வகுப்பு எடுப்பார். வெள்ளிக்கிழமைகளில் சர்ச்சின் கீழ்த்தளத்தில் பெண்கள் கூடி வாரேனிகி பிடிப்பார்கள். உருளைக்கிழங்குப் பூரணம் வைத்த கொழுக்கட்டை என்று வைத்துக்கொள்ளுங்களேன். விற்ற காசு யாராவது புதிதாக வந்த குடும்பத்துக்குப் போகும். ஒருமுறை என்னையும் இழுத்துப்போனார். பிள்ளையார் சதுர்த்திக்குப் பழகிய கை. நான் ஓரம் மடித்த அழகைப் பார்த்து, "இவ நம்ம ஊருதான்" என்று அறிவித்துவிட்டார். என் ஆபீஸில்கூட யாரும் என்னை அப்படிப் பாராட்டியதில்லை.

அந்த மமதையில்தான் அவர் பிறந்தநாளுக்கு ஒரு டஜன் சிவப்பு ரோஜாவுடன் போய் நின்றேன். ஆன்டி எண்ணிப் பார்த்தார். முகம் மாறியது.

"இன்னிக்கே என்னைப் பொதைக்கப் போறியாடி?"

இரட்டைப்படையில் பூ, அவர்கள் வழக்கத்தில், செத்தவர்களுக்கு மட்டும்தானாம். மொய்க் கவரில் அந்த ஒற்றை ரூபாயை மறந்தால் வீட்டுக்கே திரும்பி ஓடுகிற அப்பாவின் மகள் நான். எனக்குத் தோன்றியிருக்க வேண்டாமா? கூனிக் குறுகி நின்றேன். ஆன்டி ஒரு ரோஜாவை உருவி, முள்ளைக் கிள்ளி, என் மகள் கையில் கொடுத்தார். "இப்ப சரி. பதினொண்ணு. நான் உயிரோட இருக்கேன். கேக் வெட்டலாம்."

அன்றிலிருந்து வருஷா வருஷம் வேண்டுமென்றே ஒரு டஜன் வாங்குவோம். உருவும் உரிமை மகளுக்கு. உருவிய பூவும் அவளுக்கே.

உக்ரைனில் மறுபடி போர் வந்தபோது ஆன்டியின் வரவேற்பறை முழுக்க அங்கே அனுப்பக் கட்டுத்துணிப் பெட்டிகள் அடுக்கியிருந்தன. அதற்குப் பிறகு, வயதாக ஆக, வெள்ளிக்கிழமைக் கைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கீழ்த்தள அடுப்பை இப்போது யாரும் பற்றவைப்பதில்லை. வாரேனிகி இந்தக் கடையிலேயே உறைந்த பாக்கெட்டில் கிடைக்கிறது. ஓரம் எல்லாம் ஒரே அளவில், மெஷின் மடித்தது.

டில் கட்டை வைத்துவிட்டுத் திரும்பினேன். மகள் தன் ரோஜாவைக் காதோரம் செருகியிருந்தாள். குனிந்து, மெதுவாக அதை எடுத்தேன்.

"இந்தத் தடவை உனக்குக் கிடையாதுடா கண்ணு. பன்னெண்டும் அவங்களுக்குத்தான்."