தோசைமாவில் ஒட்டிய சிலோன்

இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு, பம்பாய்க் கோட்டைப் பகுதியில் வெனீர் இறக்குமதி செய்யும் ஒரு சேட்டிடம் நான் டெம்பரரி குமாஸ்தாவாக இருந்தேன். வெனீர் என்றால் அப்பளக் கனத்தில் சீவிய மரத்தகடு. மட்டமான பலகைமேல் ஒட்டினால் அது உயர்ந்த பலகையாகிவிடும். எனக்கும் மேலே ஒட்டிக்கொள்ள ஒரு சொல் தேவைப்பட்டது: பர்மனெண்ட். செம்பூரில் பெண் பார்த்தாகிவிட்டது. வேலை பர்மனெண்ட் ஆனால்தான் முகூர்த்தம் என்று பெண்ணின் தகப்பனார் சொல்லி, காப்பியை மட்டும் நிபந்தனையில்லாமல் கொடுத்து அனுப்பியிருந்தார்.

அந்தச் சமயம் பார்த்து, கப்பல் கம்பெனி ஏஜெண்ட் ஒருவர் திங்களன்று ஆபீசுக்கு வருவதாக இருந்தது. கப்பலில் இடத்துக்குப் பஞ்சம். பம்பாய்க்குத் தருவதா, கொழும்புக்குத் தருவதா என்பது அவர் கையில். இந்தியாவும் சிலோனும் வருஷாவருஷம் எவ்வளவு வெனீர் தருவித்தன என்று ஒரு படம் போடச் சொன்னார் சேட். நன்றாக அமைந்தால் பர்மனெண்ட் என்றார். அமையாவிட்டால் என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

விஷயம் எளிது. சிலோன்காரர்கள் தேயிலைப் பெட்டிக்காக ஒரே சீராக வாங்கினார்கள். நம்மவர்கள் அலமாரி, ரேடியோப் பெட்டி என்று ஆசை வந்தபோதெல்லாம் வாங்கினார்கள். யுத்தத்தில் இருவருமே ஏறக்குறைய ஒன்றும் வாங்கவில்லை. பென்சிலால் இரண்டு கோடு போட்டால் போதும். நான் கொஞ்சம் படித்தவன்; எனக்குப் போதவில்லை. வெனீரையே அந்தந்த வருஷத்து அளவுக்கேற்ற நீளத்தில் பட்டைபட்டையாக நறுக்கி, இந்தியாவுக்குத் தேக்கு, சிலோனுக்கு வெளிர்மரம் என்று அட்டையில் ஒட்டிவிடத் தீர்மானித்தேன்.

தச்சர்கள் இதற்கு வஜ்ஜிரப் பசை காய்ச்சுவார்கள். அது மாட்டுத்தோல், எலும்பு சமாசாரம். மாதுங்காவில் என்னோடு அறையைப் பகிர்ந்துகொண்டு எனக்கும் சேர்த்துச் சமைத்துவந்த பாலக்காட்டு நண்பர், நான் வஜ்ஜிரப் பொட்டலத்தோடு வந்ததைப் பார்த்து வாசலை மறித்துக்கொண்டார்.

"அதைக் காய்ச்சணும்னா தாராவித் தோல்கிடங்குக்குப் போய்க் காய்ச்சு. அப்படியே அங்கேயே குடியும் இருந்துடு."

வேறு பசை காய்ச்சலாமென்றால் ரேஷனில் மைதா கிடைக்கவில்லை. நான் திண்டாடுவதைப் பார்த்து மனமிரங்கி, ஞாயிற்றுக்கிழமைக்கு அரைத்து வைத்திருந்த தோசைமாவில் ஒரு கிண்ணம் எடுத்துக் கொடுத்தார். இது ஒட்டுமா என்று கேட்டேன்.

"கல்லையே விடமாட்டேங்கறது. கட்டையை விட்டுடுமாக்கும்?"

தர்க்கம் சரியாகத்தான் பட்டது. ஒட்டியபோது படமும் அழகாகத்தான் இருந்தது.

திங்கள் காலை மழை. அட்டையை ஒரு பழைய வேஷ்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு ரயில் நெரிசலில் நசுங்கிப் போய்ச் சேர்ந்தேன். உள்ளே மாவு தன் சுபாவப்படி புளித்துப் பொங்கிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. சேட்டின் அறையில் வேஷ்டியை அவிழ்த்தேன். முதலில் வாசனை ஏஜெண்டைப் போய்ச் சேர்ந்தது. பிறகு பட்டைகள் சுட்ட அப்பளமாகச் சுருளத் தொடங்கின. தேக்கு ஓரத்தில் மட்டும் தூக்கிக்கொண்டது. வெளிர்மரம் மெலிசு, ஒவ்வொன்றாகக் கழன்று அவருடைய பூட்ஸ்மேல் விழுந்தது. யுத்த வருஷங்கள் மட்டும் அசையவில்லை. அங்கே கழன்று விழ ஒன்றும் இல்லை.

ஏஜெண்ட் பார்சிக்காரர், நிதானமானவர். படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இதில் சிலோன் எங்கே என்று சேட்டைக் கேட்டார்.

"கிர் கயா, சாஹேப்" என்றார் சேட். விழுந்துவிட்டதாம்.

ஏஜெண்ட் குனிந்து ஒரு பட்டையை எடுத்து முகர்ந்து பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிரித்தார். யுத்தம் தொடங்கியதிலிருந்து இப்படிச் சிரித்ததில்லை என்று சொல்லி, அடுத்த கப்பலில் எங்களுக்கு இடம் ஒதுக்கிவிட்டுப் போனார்.

சேட் வாக்குத் தவறவில்லை. இனி எந்தக் காலத்திலும் படம் போடக்கூடாது என்ற நிபந்தனையோடு என்னைப் பர்மனெண்ட் ஆக்கினார்.

செம்பூருக்குப் போய்ச் சொன்னேன். எந்தத் திறமைக்காகக் கொடுத்தார்கள் என்று விசாரித்தார் பெண்ணின் தகப்பனார். புள்ளிவிவரம் என்றேன். அவர் திருப்தியோடு உள்ளே குரல் கொடுக்க, தட்டில் தோசை வந்தது. மாவு இன்னும் கொஞ்சம் புளித்திருக்கலாம் என்று பட்டது. அதைப் பற்றி அந்த வீட்டில் இன்றுவரை நான் வாய் திறந்ததில்லை.