தின்கன்ஜூனில் ஒரு ஜப்பான் பரீட்சை

எங்கள் வீடு பர்மாவில், பசுந்தாங் என்கிற பேட்டையில், ஐந்தாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கீழே காய்க்காரி வந்தால் மேலே பால்கனியிலிருந்து கத்தித்தான் பேரம் பேச வேண்டும். பேரம் படிந்ததும் கயிற்றில் பையை இறக்குவேன், அவள் கத்தரிக்காயைப் போட்டுக் கயிற்றை இழுத்து விடுவாள். சாவி, குடை, பக்கத்து வீட்டுக்காரியின் கறிவேப்பிலை எல்லாம் அப்படித்தான் ஏறி இறங்கும். இந்தத் தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரு கயிறு தொங்கும். ஆனால் கயிறு போவதற்கு முன்னால் குரல் போக வேண்டுமே! கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கும் மெல்லிய குரல்தான். சொன்னால் யாரும் நம்புவதில்லை, என் வீட்டுக்காரர் உட்பட.

என் மகள் ஜப்பானில் இருக்கிறாள். முதியோர் இல்லம் ஒன்றில் வேலை பார்த்தாள், இப்போது மாதம் ஏழு என்பதால் விடுப்பில் இருக்கிறாள். மாப்பிள்ளை ஒரு தொழிற்சாலையில். அவர்கள் இருப்பது நகரம்தான், ஆனால் ஒரு சந்துக்குள். அந்தச் சந்தில் யாராவது தும்மினால்கூட மறுநாள் அதைப் பற்றிப் பேசுவார்கள் போலிருக்கிறது. பேசுவார்கள் என்பதும் தப்பு, அங்கே யாரும் பேசுவதே இல்லையாம்.

பிரசவத்துக்கு நான்தான் போவேன் என்று பெட்டியை எடுத்துத் தூசி தட்டி வைத்திருந்தேன். ஒரு நாள் ஃபோனில் மெதுவாக ஆரம்பித்தாள்.

"அம்மா, கோவிச்சுக்காதே. வீடு ரொம்பச் சின்னது. ஒருத்தரத்தான் கூப்பிட முடியும். அதான் அத்தையக் கூப்பிடலாமான்னு..."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தை என்றால் அவள் மாமியார், எனக்குச் சம்பந்தியம்மா. நல்ல மனுஷி, குறை சொல்ல மாட்டேன். ஆனால் பெற்றவள் குத்துக்கல் மாதிரி இங்கே இருக்கிறேனே!

"ஏன், எனக்கென்ன கொறச்சல்?"

"கொறச்சல் இல்லம்மா, கூடுதல். நீ பேசுனா தெருவே எந்திருச்சிரும். இங்க ரயில்ல ஃபோன்கூடப் பேசக் கூடாது. நான் தேங்கா ஒடச்சதுக்கே கீழ் வீட்டுக்காரங்க வந்து கதவத் தட்டினாங்க. காலி பண்ணச் சொல்லிட்டா இந்த வயித்தோட எங்க போவேன் சொல்லு?"

அவள் பயம் பொய்யில்லை. அது புரிந்ததால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது. "நானும் பேசாம இருப்பேன்டி! வாயத் தொறக்கவே மாட்டேன், பாக்குறியா?" என்று கத்தினேன். எதிர் மாடிக்காரி எட்டிப் பார்த்தாள்.

மகள் ஒரு பரீட்சை வைத்தாள். சம்பந்தியம்மா போன வருஷம் எங்கள் ஊரிலேயே தின்கன்ஜூன் பக்கம் வேறு வீடு மாறியிருந்தார்கள். நாங்கள் இன்னும் போனதில்லை. அங்கே நான் ரயிலில் போக வேண்டும். ரயிலில் பேசக் கூடாது. இறங்கி ஃபோனில் வரைபடம் பார்த்து நடக்க வேண்டும், யாரிடமும் வழி கேட்கக் கூடாது, தெருவில் சத்தம் போடக் கூடாது. ஜப்பானில் ஸ்டேஷனிலிருந்து வீட்டுக்கு அப்படித்தான் தனியாக வந்து போக வேண்டியிருக்குமாம். அன்றைக்கு அவளுக்கு ஆஸ்பத்திரியில் செக்கப். முடித்துவிட்டு வீடு திரும்பும்போது என்னைக் கூப்பிடுவாளாம். ஃபோனை அணைக்காமல் அப்படியே பைக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். அவள் காதில் மாட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டே இருப்பாள்.

"தேறிட்டா நீ வா. தேறலேன்னா அத்தை."

என் வீட்டுக்காரர் துறைமுக ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாளைக்கு நாலு வார்த்தை பேசினால் அதிகம், மிச்சத்துக்கு நான் இடம் கொடுத்ததில்லை என்பார். துணைக்கு அவரும் கிளம்பினார். வரைபடம் அவர் ஃபோனில், மகள் என் ஃபோனில். தலைக்கு எண்ணெய் வைத்து, தனக்கா மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசி, வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டு பசுந்தாங் ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே மகள் சொன்னபடி கூப்பிட்டாள், ஃபோனை அணைக்காமல் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் ஓடுகிற ரயிலே ஜப்பான் ரயில்தான். அங்கே ஓடி ஓய்ந்ததை இங்கே கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். பெட்டிக்குள் அவர்கள் எழுத்து இன்னும் அழியவில்லை. கதவோரம் ஃபோனை வரைந்து குறுக்கே கோடு போட்ட ஒரு படம் ஒட்டியிருந்தது.

"பாத்தியா, ஒனக்காகவே அங்கேருந்து ஒட்டி அனுப்பியிருக்கான்" என்றார் இவர். அன்றைய நாலு வார்த்தையில் முக்கால்வாசி அதில் தீர்ந்தது.

எதிரே த்வாண்டே ஊர் மண்பானை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பர்மாக்காரம்மா உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் சிரித்தேன். பானை எவ்வளவு, எந்தக் கடை, இவ்வளவு பெரிய பானை எதற்கு என்று தொண்டை வரைக்கும் கேள்வி வந்து நின்றது. விழுங்கினேன். அவள் "எங்கே போறீங்க அமா?" என்று கேட்டாள். அமா என்றால் அக்கா. நான் தலையை மட்டும் ஆட்டினேன். பாவம், ஊமை என்று நினைத்துக்கொண்டாள் போலிருக்கிறது, நகர்ந்து எனக்குக் கால் நீட்ட இடம் விட்டாள்.

எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது, அந்த வடைக்காரி ஏறும் வரைக்கும்.

தலையில் தட்டோடு வந்தாள். பருப்பு வடை, இங்கே பயாஜோ என்பார்கள். வாய் சும்மா இருந்தால்தானே வம்பு, வடையைப் போட்டு அடைப்போம் என்று வாங்கிக் கடித்தேன். உள்ளே மாவு மாவாக இருந்தது. வெங்காயம் பேருக்குக்கூட இல்லை. நான் பொறுமைசாலிதான், ஆனால் வேகாத வடையைக் காசுக்கு விற்கிறவளைப் பார்த்துக்கொண்டு எப்படி இருப்பது? பையைத் திறந்து ஃபோனைக் காதில் வைத்தேன். ஒரு சத்தமும் இல்லை. "ஹலோ" என்று மூச்சு மாதிரி சொன்னேன். பதில் இல்லை.

"லைன் போயிருச்சு" என்றார் இவர், ஜன்னலைப் பார்த்தபடியே. இந்த ஊரில் லைன் போவது என்ன அதிசயமா? ஃபோனைப் பைக்குள் போட்டேன். பூட்டு தானாகத் திறந்துகொண்டது.

"இந்தாம்மா, இது வடையா, களிமண்ணா? எண்ணெய் காயிறதுக்கு முன்னாடியே போட்டுட்டியா?" பர்மிய மொழியில் பொரிந்து தள்ளினேன். வடைக்காரி லேசுப்பட்டவள் இல்லை. அடுப்புக் கரி ஈரம், மழை, வெங்காய விலை என்று அவளும் ஏறினாள். பெட்டியில் பாதிப் பேர் என் பக்கம், பாதிப் பேர் அவள் பக்கம். கடைசியில் பருப்பை எவ்வளவு நேரம் ஊற வைக்க வேண்டும் என்று நான் சொல்ல, அவள் கேட்டுக்கொண்டு, இன்னொரு வடையை இனாமாகக் கொடுத்தாள். அதுவும் வேகவில்லை.

பானைக்காரம்மா வாயைப் பிளந்துவிட்டாள். "ஐயோ, உங்களுக்குப் பேச வருமா?"

வருமாவா! பேசாமல் இருந்த காரணத்தை அவளிடம் சொன்னேன். சம்பந்தியம்மாவைப் பற்றியும் சொன்னேன். "அவங்க கொட்டாவி விட்டாக்கூடச் சத்தம் வராது. எம்பொண்ணு அவங்களத்தான் கூப்பிடப் போறா. நான் கத்துறவ. இவ பொறந்தப்போ எங்கம்மா இல்ல. செத்துப் போயிருந்தாங்க. பக்கத்துல கையப் புடிச்சுக்கக்கூட ஆளில்லாம பெத்தேன். அப்பவே நெனச்சேன், இவளுக்கு அப்படி ஆகக் கூடாதுன்னு." சொல்லும்போதே எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அந்தம்மா பானையை இவர் மடியில் தூக்கி வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள். இவர் பானையைக் கட்டிக்கொண்டு, எங்களுக்கும் தனக்கும் சம்பந்தமே இல்லாதவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

தின்கன்ஜூனில் இறங்கினோம். வாத்தியார்களும் கிளார்க்குகளும் குடியிருக்கிற பக்கம். பெரிய ரோட்டில் பஸ் சத்தம், ஒரு திருப்பம் திரும்பினால் கப்சிப். மாமரமும் பூட்டிய கேட்டுமாக ஒரு சந்து. அதற்குள் இன்னொரு சந்து. இவர் ஃபோனில் நாங்கள் நிற்கும் இடத்தை ஒரு நீலப் புள்ளி காட்ட வேண்டும். அது நாங்கள் இன்னும் பசுந்தாங் கால்வாய்த் தண்ணீருக்குள் நிற்பதாகக் காட்டியது. சட்டென்று துள்ளி எங்களை ஒரு பள்ளிக்கூடத்துக் கூரைமேல் ஏற்றியது. இவர் அதை நம்பி நடந்தார், நான் இவரை நம்பி நடந்தேன். வெற்றிலைக் கடைக்கு முன்னால் படுத்திருந்த நாய் எங்களைப் பார்த்தது. சுற்றி வந்தோம், பார்த்தது. மறுபடி சுற்றி வந்தோம். எழுந்து எங்களோடு நடக்க ஆரம்பித்தது.

"வெத்திலக் கடைல ஒரு வார்த்த கேட்டா என்னாங்க?"

"வழி கேக்கக் கூடாது. பரீட்சை" என்றார்.

"லைன்தான் போயிருச்சே!"

"அதுக்காகக் காப்பி அடிப்பியா?"

மனுஷனுக்கு அன்றைக்குப் பார்த்து நேர்மை. வெயில் மண்டையைப் பிளந்தது. ஒரு வீட்டிலாவது ஒரு ரேடியோ, ஒரு குழந்தை அழுகை, ஒரு தாளிக்கிற சத்தம் இருக்க வேண்டுமே! எனக்கு உள்ளூரப் பயமாகிவிட்டது. என் பிள்ளை இப்படி ஒரு சந்தில்தான் வயிற்றைத் தூக்கிக்கொண்டு தினமும் நடக்கிறாளா? மாப்பிள்ளை வேலைக்குப் போனபின் இப்படித்தான் பகல் முழுக்க இருக்கிறாளா? வழி தொலைந்ததைக்கூட மறந்துவிட்டேன்.

நான் பரீட்சையை விட்டேன். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, சந்தின் நடுவில் நின்று, ஐந்தாவது மாடிக் குரலை எடுத்தேன்.

"சம்பந்தியம்மோவ்! எங்க இருக்கீங்க?"

மாமரத்திலிருந்து காக்கை எல்லாம் கிளம்பியது. படபடவென்று ஜன்னல்கள் திறந்தன. அத்தனை ஜனமும் உள்ளேதான் இருந்திருக்கிறது! ஒருத்தி அந்தப் பக்கம் கை காட்டினாள், ஒருத்தர் லுங்கியை இறுக்கிக்கொண்டு வழி சொல்ல இறங்கியே வந்துவிட்டார். ஆனால் தேவையிருக்கவில்லை. எங்களுக்கு நேர் பின்னால் இருந்த கேட்டைத் திறந்துகொண்டு சம்பந்தியம்மா நின்றார்கள். "வாங்க" என்றார்கள். அவர்கள் உதட்டைப் பார்த்துத்தான் அதைத் தெரிந்துகொண்டேன்.

உள்ளே உட்கார வைத்து டீ கொடுத்தார்கள். டம்ளரை மேஜைமேல் வைத்த சத்தம்கூட எழவில்லை. அதைப் பார்த்ததும் என் முகம் செத்துவிட்டது. நியாயமாகப் பார்த்தால் இவர்கள்தான் போக வேண்டும். இருந்தாலும் விட்டுவிட மனசு வருமா? சத்தமில்லாமல் வந்து சேர்ந்தேன் என்று மகளிடம் புளுகிவிடலாம் என்று பையைத் திறந்து ஃபோனை எடுத்தேன்.

லைன் போகவில்லை. அத்தனை நேரமும் அழைப்பு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

அவள் ரயிலில் இருந்ததால் தன் பக்கத்துச் சத்தத்தை மட்டும் அணைத்து வைத்திருந்தாளாம். பதற்றத்தில் என் விரல் எங்கேயோ பட்டு ஸ்பீக்கர் வேறு போட்டுக்கொண்டது.

"அத்தை கொட்டாவி விட்டாக்கூடச் சத்தம் வராதா?" என்று கேட்டது ஃபோன், அறை முழுக்க.

நான் பூமிக்குள் போய்விடலாமா என்று பார்த்தேன். சம்பந்தியம்மா ஒரு கணம் என்னைப் பார்த்தார்கள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள். பிறகு கையை எடுத்துவிட்டு, சத்தம் போட்டே சிரித்தார்கள். அவர்களுக்கு நல்ல கணீரென்ற சிரிப்பு. இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாது.

"தேறலடி, தெரியும்" என்றேன். "அவங்களையே கூப்பிட்டுக்க."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம். "அம்மா, வடைக்காரிகிட்ட நீ சண்ட போட்டப்போ நான் ரயில்ல வாய்விட்டுச் சிரிச்சுட்டேன். பெட்டியே திரும்பிப் பாத்துச்சு. அப்புறம் நீ அந்தம்மாகிட்டப் பேசுனதக் கேட்டு அழுதேன். ஒருத்தங்க எந்திரிச்சு எடம் குடுத்தாங்க, வலி வந்திருச்சுன்னு நெனச்சு."

"ஐயையோ!"

"இரு. எறங்கி எங்க சந்துல நடந்து வந்துக்கிட்டிருந்தேன். ஆளே இல்ல. அப்பத்தான் நீ கூப்பிட்ட. சாப்பிட வாடின்னு பால்கனிலேருந்து கூப்பிடுவியே, அதே கத்தல். எனக்கு என்ன ஆச்சுன்னே தெரியல. மேல பாத்து, 'இந்தா வந்துட்டேம்மா!'ன்னு நானும் கத்திட்டேன். எதிர் வீட்டுத் தாத்தா ஜன்னலத் தெறந்து பாக்குறாரு. குனிஞ்சு குனிஞ்சு மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன்."

நான் ஸ்பீக்கர் ஓடுவதையும் மறந்து ஃபோனைக் காதில் வைத்து அழுத்திக்கொண்டேன்.

"நாந்தாம்மா ஃபெயிலு. நீ வா. கீழ் வீட்டுக்காரங்ககிட்ட நான் முன்கூட்டியே சொல்லி வச்சிர்றேன்."

சம்பந்தியம்மா என் காலி டம்ளரை எடுத்தார்கள். "நல்லவேளை. எனக்கு ஏரோப்ளேன்னாலே பயம். சொன்னா தப்பா நெனைப்பீங்கன்னு இருந்தேன்" என்றார்கள்.

"ஜப்பான்காரன்தான் பாவம்" என்றார் இவர்.

திரும்பும்போதும் ஜப்பான் ரயில்தான். கோடு போட்ட ஃபோன் படத்துக்கு நேர் கீழே இடம் கிடைத்தது. அதே வடைக்காரி ஏறினாள், என்னைக் கண்டதும் நேராக வந்தாள். "அமா, இப்பத்தான் போட்டது. நல்லா வெந்திருக்கு, தின்னு பாருங்க." வாங்கித் தின்றேன். வெந்திருந்தது. வெங்காயமும் போட்டிருந்தாள். தலையை மட்டும் ஆட்டினேன். அவளுக்கு ஏமாற்றமாகிவிட்டது.

இவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துவிட்டு, கடைசியில் நெற்றியில் கை வைத்துப் பார்த்தார். "இந்தா, ஒடம்பு சரியில்லையா?"

அவள் கத்தியது ஃபோனில் எனக்குக் கேட்கவே இல்லை. ஆனாலும் அந்த "வந்துட்டேம்மா" காதுக்குள்ளேயே நின்றது. வாயைத் திறந்தால் பெட்டிக்கே கேட்கிற மாதிரி அழுதுவிடுவேன். அதனால் பசுந்தாங் வரும் வரைக்கும் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. பரீட்சை வைத்தவள் அப்போது லைனில் இல்லை.