பப்பாசிக்குப் பாவாடை கட்டிய புஸ்பம் மாமி

ஓர் இலையைக் காம்போடு முறித்துப் பப்பாசிக் காய்க்குப் பக்கத்தில் பிடிக்கிறார் புஸ்பம் மாமி. காயைத் தொடுவதில்லை, தட்டிப் பார்ப்பதுமில்லை. இலையையும் காயையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இதுக்கு இன்னும் ரெண்டு நாள் கிடக்கு” என்று அடுத்த மரத்துக்குப் போய்விடுகிறார். பனிச்சங்கேணியில் கடல்நீர்க் களப்பை ஒட்டிய அவருடைய தோட்டத்தில் அறுபது மரங்கள். வெயில் ஏறி ஒன்பது மணிக்குப் பிறகுதான் இந்தச் சுற்று.

“விடியப் பார்த்தா எல்லாம் ஒரே காய்தான் மனே. வெயிலுக்குத்தான் உண்மை தெரியும்.”

“இலை எதுக்கு மாமி?”

“தனியப் பார்த்தா காய் பொய் சொல்லும். இலையைக் கிட்ட வைச்சா அதால ஒளிக்க ஏலாது.”

உண்மைதான். மயிர் அளவில் ஓடும் முதல் மஞ்சள் கீற்று, வெறும் காயில் என் கண்ணுக்குப் படவில்லை. இலை பக்கத்தில் வந்ததும் பளிச்சென்று தெரிந்தது. அந்தக் கீற்று விழுந்த அன்றே காயைப் பறிக்க வேண்டும். முந்தினால் இனிக்காது, பிந்தினால் குரங்குக்கு.

கணவரின் பழைய முழுக்கைச் சட்டையை மேலே மாட்டிக்கொண்டு திரியும் மாமிக்கு நாற்பத்தெட்டு வயது. அடுத்த வளவில் நிற்பவரோடும் அக்கரையில் நிற்பவரோடும் ஒரே சத்தத்தில்தான் பேசுவார். இவ்வளவு பப்பாசி வைத்திருப்பவர் பப்பாசிப் பழம் தின்னமாட்டார். “மணம் சரிவராது.” செங்குரங்குக் கூட்டத்துக்கு முன்னால் நடந்து வரும் பெரிய கடுவனுக்கு அவர் வைத்திருக்கும் பெயர் சேர்மன்.

போன வருடம் அறுபது மரத்திலும் முழுசாகக் கைக்கு வந்தவை பதினொரு பழங்கள். மற்றவற்றில் சேர்மன் ஒரு கடி, கூட்டம் ஒரு கடி, மீதி நிலத்தில். நெல் வெட்டும் மெசின் ஓட்டும் கணவர் வினாயகமூர்த்தி இந்த ஆடியில் வெட்டுக்குப் புறப்படும்போது சொல்லிவிட்டார்: “நான் திரும்பி வரக்குள்ளயும் இப்பிடித்தான் கிடந்தா அறுபதையும் வெட்டிப்போட்டுத் தென்னம்பிள்ளை வைப்பன். குரங்குக்கு விருந்து வைக்க நமக்கென்ன நேத்திக்கடனா?”

இரண்டு கோடையில் வாளி வாளியாகத் தண்ணீர் சுமந்து மாமி வளர்த்த மரங்கள் அவை. அவர் திரும்பி வர ஐந்து கிழமை, அதுதான் தவணை.

யானைக்குச் சிவப்பு ஆகாது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. குரங்குக்கும் ஆகாது என்று நினைத்து, திருவிழாவில் மிஞ்சிய சிவப்புத் துணியை மாமி மரமெல்லாம் கட்டினார். அக்கரைக் குரங்கும் சேர்ந்து வந்தது.

“என்னகா புஸ்பம், அதுகளுக்குக் கொடி காட்டிக் கூப்பிட்டிருக்காய்?” என்றார் அடுத்த வளவு அன்னப்பூரணி.

பிறகு, பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு வாங்கிய கரும்பச்சைத் துணியால் காய்க் குலைகளை மூடினார். இரண்டு நாள் தப்பியது. மூன்றாம் நாள் சேர்மன் நேரே வந்து துணியை உயர்த்தினான். கரும்பச்சை எங்கேயோ அங்கே காய் என்று படித்துவிட்டான்.

அந்தக் கிழமைதான் விலங்கியல் பட்டத்தோடு நான் வீடு வந்தேன். எங்கள் குடும்பத்தில் அது முதல் பட்டம். படித்ததை மாமிக்குச் சொன்னேன்: கண்ணின் உள்ளே மூன்று வகைக் கூம்புக் கலங்கள், அதாவது செல்கள், இருக்கின்றன. ஒரு கலத்துக்குத் தனியே நிறம் தெரியாது, தன்மேல் எவ்வளவு ஒளி விழுந்தது என்று மட்டும் சொல்லும். அவை சொல்வதை ஒன்றோடொன்று ஒப்பிட்டுத்தான் நிறம் பிறக்கிறது. பின்மண்டையில் இருக்கும் மூளையின் பார்வை மேற்பட்டையில் சில கலங்கள், ஒரே நிறம் பரந்து கிடந்தால் சோம்பிக் கிடக்கும். ஒரு நிறம் முடிந்து இன்னொன்று தொடங்கும் ஓரத்தைக் கண்டால் துடிக்கும். குரங்குக்கும் நமக்கும் இது ஏறக்குறைய ஒன்றே.

மாமி இலையால் விசிறிக்கொண்டே கேட்டார். “அப்ப சேர்மனும் நானும் ஒரே கண்ணாலதான் பாக்கமா?”

“கிட்டத்தட்ட.”

“அப்ப என்னை ஏமாத்தினாச் சரி.”

நான்கு வருடம் படித்த எனக்கு இது தோன்றவில்லை.

பழைய வெள்ளை வேட்டிகள், பாய்க்குப் போடும் மஞ்சள் சாயம், நீலச் சாயம், விறகடுப்பில் ஒரு தகர வாளி. ஒரு துண்டை இலைப் பச்சைக்குத் தோய்ப்பார், காயவிடுவார், மரத்தில் கட்டுவார். இருபது அடி நடந்து போய்ச் சட்டென்று திரும்புவார். “ம்ஹும், தெரியுது. எனக்குத் தெரிஞ்சா அவனுக்கும் தெரியும்.” மஞ்சள் கொஞ்சம் கூட, நீலம் கொஞ்சம் குறைய. பதினொரு தரம். பன்னிரண்டாவது துண்டைக் கட்டிவிட்டுத் திரும்பியவர், அதைத் தேடிப் பிழையான மரத்துக்கு நடந்தார். பாதி வழியில் நின்று கைதட்டிச் சிரித்த சிரிப்பு அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

அறுபது மரத்துக்கும் பாவாடை. “பப்பாசியெல்லாம் பெரிய பிள்ளையாகிட்டு, தண்ணி வார்க்கிற சடங்குக்கு எங்களுக்குச் சொல்லல்லயே!” என்று அன்னப்பூரணி வேலிக்கு மேலால் கேட்டார். சேர்மன் வேலிக் கம்பத்தில் இருந்து மரம் மரமாகப் பார்த்தான், தொடையைச் சொறிந்தான், படையோடு காட்டுப் பக்கம் திரும்பினான். மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் வரவேயில்லை.

செவ்வாய்க்கிழமை ஓட்டமாவடிப் பழ வியாபாரி சரீப் சின்னப் பட்டா லொறியோடு வந்தார். பழங்களை உருட்டி உருட்டிப் பார்த்தார். “அக்கா, பல்லுப்படாத பப்பாசி இந்தப் பக்கத்தில இப்பதான் பாக்கன். இனிச் செவ்வாய்க்குச் செவ்வாய் வாறன்.”

கணவருக்குப் போனில் மாமி ஒன்றும் சொல்லவில்லை. தோட்டம் எப்படி என்று கேட்டால், “கிடக்கு.” அவ்வளவுதான்.

போன ஞாயிறு பத்து மணிபோல வினாயகமூர்த்தி வந்து இறங்கினார். கால் கழுவவில்லை, கத்தியை எடுத்துக்கொண்டு நேரே தோட்டத்துக்குள் போனார். முதல் மரத்துக்கு இரண்டு எட்டு முன்னால் நின்றார். மேலே பார்த்தார், அடுத்த மரத்தைப் பார்த்தார், அதற்கடுத்ததைப் பார்த்தார்.

“இஞ்ச, எல்லாத்தையும் திண்டு முடிச்சிட்டுதுகளா? ஒரு பிஞ்சும் இல்லயே!”

மாமி கிட்ட வந்தார். அவருடைய கத்தி இல்லாத கையை மணிக்கட்டில் பிடித்து இழுத்து, உள்ளங்கையை விரித்து, இலை நிறத் துணிக்குள் திரண்டிருந்த காயின்மேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.