கொலைகாரருக்கு என்ன மரியாதை?

சனிக்கிழமை காலைகளில் வெள்ளவத்தையில் ஒரு சைவக்கடையின் மேல்மாடியில் நாங்கள் மூன்று பேர் உட்கார்ந்து கொலைகளைப் பற்றிக் கதைப்போம். சத்தமாகத்தான் கதைப்போம். "நஞ்சு தேத்தண்ணிக்குள்ளதான் இருந்தது, எனக்கு வடிவாத் தெரியும்!" என்று நான் ஒருநாள் மேசையில் தட்டிச் சொன்னபோது, பக்கத்து மேசை மனிதர் தன்னுடைய கோப்பையை ஒருமுறை பார்த்துவிட்டுக் கீழே வைத்தார். அது புத்தகத்தில் வருகிற தேத்தண்ணி என்று அவருக்கு விளங்கப்படுத்தினேன். மனிதர் தலையாட்டினார். ஆனால் கடைசிவரை குடிக்கவில்லை.

மூன்று பேருக்கும் துப்பறியும் கதைப் பைத்தியம். நான் பம்பலப்பிட்டியில் ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறவள், வீடு வெள்ளவத்தையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில். இரண்டாவது ஆள் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். கொம்பனித்தெருக்காரர், புறக்கோட்டையில் இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறார். வியாபாரம் மந்தமான மத்தியானங்களில் பெயின்ற் வாளிகளுக்குப் பின்னால் இருந்து வாசிப்பார். எந்தக் கதையாக இருந்தாலும் மூன்றாவது அத்தியாயத்தில் "டொக்டர்தான் கொன்னீக்கிறான்" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார். இதுவரை ஒரு டொக்டரும் கொன்றதில்லை. நானா மனம் தளர்ந்ததும் இல்லை.

மூன்றாவது, கொட்டாஞ்சேனை அக்கா. இந்தியாவிலிருந்து வியாபாரத்துக்கு வந்த குடும்பம். கப்பல் கொம்பனி ஒன்றில் தட்டெழுத்து வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை, பிள்ளைகளும் இல்லை. எங்கள் இரண்டு பேரையும் சேர்த்தாலும் அவர் வாசித்த அளவுக்கு வராது. இத்தனைக்கும் அக்காவுக்கு ஒரு கண்தான். மற்றக் கண் சில வருடங்களுக்கு முன் ஒப்பரேஷனுக்குப் பிறகு கிருமி பிடித்துப் போய்விட்டது. "காலு போனா பரவால்ல, காது போனாலும் பரவால்ல, இந்தக் கண்ணு மட்டும் நான் சாவுற வரைக்கும் படிக்கணும்" என்பார். கோயிலுக்குப் போனால் அவர் கேட்பதும் அது ஒன்றைத்தான்.

சனிக்கிழமைகளின் ஒழுங்கு இதுதான்: ஒவ்வொருவரும் இப்போது என்ன வாசிக்கிறோம், எது பிடித்திருக்கிறது, யார்மேல் சந்தேகம் என்று சொல்லவேண்டும். முடிவை மட்டும் சொல்லக்கூடாது. பிறகுதான் புத்தகம் கைமாறும். கேட்க லேசாகத்தான் இருக்கிறது. தமிழில் செய்து பாருங்கள், தெரியும்! இங்கிலீஷ் புத்தகம் கொலை செய்தவர் ஆணா பெண்ணா என்று முந்நூறு பக்கம் மறைத்து வைத்திருக்கும். நாங்கள் அதைத் தமிழில் சொல்ல வாய் திறந்தால் வினைச்சொல்லின் வால் காட்டிக்கொடுத்துவிடும். வந்தான் என்றால் ஒன்று, வந்தாள் என்றால் மற்றது.

போதாக்குறைக்கு எங்கள் மூன்று பேரின் தமிழும் மூன்று விதம். யாழ்ப்பாணத்துப் பேச்சில் 'அவர்' என்றால் ஆம்பிளை. பொம்பிளை என்றால் 'அவ'. எழுத்தில்தான் நானும் அக்காவை 'அவர்' என்கிறேன், வாயால் ஒருநாளும் சொன்னதில்லை. அக்காவுக்கோ மரியாதை என்றால் ஆணுக்கும் பெண்ணுக்கும் 'அவங்க'தான். தொடக்கத்தில் ஒருநாள் அவர், "அவங்க பின்னால வந்து தலகாணியால அமுக்கிட்டாங்க" என்று கதை சொன்னார். என் காதில் 'அவங்க' என்றால் ஒன்றுக்கு மேற்பட்ட ஆட்கள். நான் ஒரு கூட்டமே வந்து அமுக்கியது என்று நினைத்துக்கொண்டு, புத்தகத்தை வாங்கிப் போய், ஒரு கிழமையாக யார் யாரோடு சேர்ந்திருக்கலாம் என்று மண்டையை உடைத்தேன். கடைசியில் பார்த்தால் தனியாக ஒரு வயதான மனுசி!

"கூட்டம் எங்கயக்கா?" என்று அடுத்த சனிக்கிழமை சண்டைக்குப் போனேன்.

"எந்தக் கூட்டம்? அந்தம்மா ஒருத்திதானே."

"அப்ப ஏன் அவங்க எண்டு சொன்னனீங்கள்?"

"வயசானவங்கம்மா. அவ இவன்னு எப்படிச் சொல்றது?"

"கொலைகாரிக்கு என்ன மரியாதை வேண்டிக் கிடக்கு?" என்று நான் கத்த, நானா சிரித்துச் சிரித்துப் புரையேறி, பரிமாறுகிறவர் ஓடிவந்து அவர் முதுகில் தட்டவேண்டியதாகிவிட்டது.

அன்றைக்கு ஒரு சட்டம் போட்டோம். இனிமேல் கொலை செய்தவர் 'ஆள்' மட்டும்தான். ஆள் வந்துது, ஆள் போச்சுது, ஆள் கத்தியை எடுத்துது. ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, மரியாதையும் இல்லை. நானும் நானாவும் இதில் கெட்டிக்காரர்கள் ஆகிவிட்டோம். அக்காவுக்கு மட்டும் சரிவரவே இல்லை, ஏனென்றால் அவருக்கு ஒரு கெட்ட பழக்கம். புத்தகத்தைக் கையில் எடுத்தால் முதலில் கடைசி அத்தியாயத்தைத்தான் வாசிப்பார். "யாருன்னு தெரிஞ்சுட்டா நிம்மதியாப் படிக்கலாம்ல?" என்பார். ஆளைத் தெரிந்து வைத்திருக்கிறவருக்கு நாக்கு எப்படி அடங்கும்? "அந்த ஆளு கதவச் சாத்துச்சு, விளக்க அணைச்சுச்சு, மெதுவாச் சிரிச்சான்..." என்று சொல்லிவிட்டு வாயைப் பொத்துவார். அவ்வளவுதான், அந்தக் கதையில் உள்ள பெண்கள் எல்லோரும் அதிலேயே விடுதலை. ஒரு புத்தகமாவது அவர் வாயிலிருந்து முழுசாகத் தப்பியதில்லை.

போன வருடம் மழை தொடங்கிய காலம், அக்கா புதிதாக ஒரு புத்தகம் வாசிப்பதாகச் சொன்னார். இங்கிலாந்தில் கடலோரத்தில் ஒரு சின்ன ஊர். பியானோ திருத்துகிற பெண்ணொருத்தி பூட்டிய கடைக்குள் செத்துக் கிடக்கிறாள். பியானோவில் ஒரே ஒரு கட்டையை மட்டும் காணவில்லை. ஐயோ, என்ன கதை! அக்கா சொல்லச் சொல்ல எங்களுடைய தோசை ஆறிப்போனது. ஒரே நாளில் முடியவில்லை, அடுத்த கிழமையும் சொன்னார், அதற்கடுத்த கிழமையும் சொன்னார். நானாவோ வழக்கம்போல, அந்த ஊரில் டொக்டர் யாரும் இல்லையா என்று கேட்டார். அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, "இருக்காரு, நல்ல டாக்டரு" என்றார்.

ஒரு இடத்தில் மட்டும் கொஞ்சம் இடித்தது. காலையில் பிணத்தை முதலில் கண்டது பாண், அதாவது ரொட்டி, விற்கிற ஆளாம். "நம்ம தெருவுல பாட்டுப் போட்டுக்கிட்டு ஆட்டோவுல வருவானே, அது மாதிரி ஆளு" என்றார் அக்கா.

"இங்கிலீஷ்காரனும் ஓட்டோவுலயா பாண் விக்கிறான்?" என்று நானா கேட்டார்.

"இப்போல்லாம் அங்கேயும் வந்துருச்சு" என்றார் அக்கா. நாங்கள் அதையும் நம்பினோம். கதை அவ்வளவு நல்லது.

புத்தகத்தை எப்போது தருவீர்கள் என்று கேட்டால், முடித்துவிட்டுத் தருகிறேன் என்றார். நாலாவது சனிக்கிழமையும் அப்படியே சொன்னார். அன்று பின்னேரம் வீட்டில் மீன் கழுவிக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. நாலு கிழமையாக அக்கா ஒருமுறைகூட வாய் தவறவில்லை. ஆள் வந்துச்சு, ஆள் போச்சு, ஆள் சிரிச்சுச்சு, எல்லாம் சட்டப்படி. முதலில் கடைசி அத்தியாயத்தை வாசிக்கிற மனுசி எப்படித் தவறாமல் இருப்பார்? கொலை செய்தது யாரென்று அக்காவுக்கே தெரியாது! அப்படியென்றால் கடைசி அத்தியாயத்தை வாசிக்கவில்லை. வாசிக்கவில்லையா, வாசிக்க முடியவில்லையா? கையை அரைகுறையாகக் கழுவிவிட்டு நானாவுக்குப் போன் எடுத்தேன். நான் சொல்லி முடிக்குமுன்னே அவர், "பாண் ஓட்டோ" என்றார்.

மறுநாள் கொட்டாஞ்சேனைக்குப் போனோம். அக்காவின் வீடு ஒரு கடைக்கு மேலே, படியேறிப் போகவேண்டும். கதவைத் திறந்தவர் எங்களைத் தெரியாத ஆட்களைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். நான் வாய் திறந்த பிறகுதான் முகம் மலர்ந்தது. அதற்குமேல் எனக்குச் சாட்சி எதுவும் தேவைப்படவில்லை.

"அக்கா, ஆர் கொலை செய்தது?" என்றேன், செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"எந்தக் கொலைய?"

"பியானோக்காரியை."

அக்கா கதிரையில் உட்கார்ந்தார். சேலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "தெரியலம்மா" என்றார். "புஸ்தகமே இல்ல. நானே கட்டிச் சொன்னேன்."

கண்ணில் புரை விழுந்து எத்தனையோ மாதமாம். எழுத்தெல்லாம் கஞ்சித் தண்ணிக்குள் விழுந்த மாதிரி இருக்கிறதாம். டொக்டர் ஒப்பரேஷன் செய்யச் சொல்லியும் அக்கா அந்தப் பக்கமே போகவில்லை. "அந்தக் கண்ணும் இப்படிச் சொல்லித்தானே போச்சு? இதுலயும் கத்தி வச்சுப் போயிடுச்சுன்னா? இப்போ வெளிச்சமாவது தெரியுது."

"அத எங்களிட்டச் சொல்லாமல் ஏன் கதை விட்டனீங்கள்?"

"படிக்க முடியலன்னா நான் எதுக்குச் சனிக்கிழமை வரணும்? நீங்க ரெண்டு பேரும் புஸ்தகத்தப் பத்திப் பேசுவீங்க. நான் உக்காந்து தோசை திங்கவா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்கு விசரே? நீங்கள் வாசிக்கிறதுக்காகவோ நாங்கள் உங்களோட இருக்கிறம்?" என்று கத்தினேன். கத்தக் கத்த அழுகையும் வந்தது, இரண்டையும் பிரிக்கத் தெரியவில்லை. கீழே கடைக்காரர் சிங்களத்தில் என்ன சத்தம் என்று கேட்டார். ஒன்றுமில்லை தம்பி, சும்மா கதைக்கிறோம் என்று நானா படியால் எட்டிப் பார்த்துச் சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

பிறகு வந்து அக்காவுக்குப் பக்கத்தில் இருந்தார். "பயம் ஈக்கும்தான் அக்கா. பயமில்லன்னு செல்றவன் பொய் செல்றான். வேற ஒரு டொக்டர்ட்ட காட்டுவோம். கேக்கிறத எல்லாம் கேப்போம். பொறகு நீங்களே முடிவெடுங்க. ஆனா ஒண்டு, அந்தப் பியானோக் கதைய நடுவுல விட்டீங்கண்டா, அல்லாஹ் ஒங்கள மன்னிச்சாலும் நான் மன்னிக்க மாட்டேன்."

அக்கா சிரித்துவிட்டார். சிரித்ததும் எனக்கு உயிர் வந்தது.

புது டொக்டர் ஒரு பெண், சிங்களவர். தமிழ் கொஞ்சம் தெரியும். அக்கா ஒரு துப்பறிவாளரைப்போலக் குறுக்கு விசாரணை செய்தார். முதல் கண் ஏன் போனது, கிருமி எப்படி வந்தது, இந்த முறை என்ன செய்வீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டார். டொக்டர் பொறுமையாகச் சொன்னார். கடைசியில் அக்கா, "இதுவும் போயிடுமா?" என்றார்.

"போகாது என்று சத்தியம் பண்ண ஏலாது அம்மா. ஒப்பரேஷன் செய்யாட்டி வாசிக்க ஏலாம போகும், அது நிச்சயம்."

"சரி, பண்ணுங்க" என்றார் அக்கா. அந்தக் குரலில் துணிச்சல் ஒன்றும் இருக்கவில்லை. பயந்துகொண்டேதான் சொன்னார்.

ஒப்பரேஷன் நடந்த இரவு அக்கா எங்கள் வீட்டில்தான் தங்கினார். கண்ணில் கட்டு. சோற்றை நான் பிசைந்து கையில் கொடுத்தேன். ஒரு வார்த்தை புத்தகப் பேச்சு இல்லை. எனக்கும் எடுக்கத் தைரியம் வரவில்லை. எத்தனை கொலைகளை வாசித்திருப்பேன், ஒருநாளும் இப்படிப் பயந்ததில்லை.

அடுத்த நாள் காலை கட்டு அவிழ்க்கக் கூட்டிக்கொண்டு போனோம். நானா கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தார். அக்காவைத் தாதி உள்ளே கூட்டிப்போனார், நாங்கள் வெளியே வாங்குப் பலகையில் இருந்தோம். நானா வாய்க்குள் ஓதிக்கொண்டிருந்தார். நான் நகத்தைக் கடித்துத் துப்பினேன்.

கதவு திறந்தது. அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்தார். எங்களைப் பார்க்கவில்லை. எங்களுக்குப் பின்னால் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

"இதை யாரு எழுதுனது?" என்றார் அக்கா.

திரும்பிப் பார்த்தோம். சுவரில் ஒரு கடதாசி அறிவித்தல். மேலே சிங்களம், நடுவில் இங்கிலீஷ், தமிழ் வழக்கம்போல அடியில், பொடி எழுத்தில். 'இங்கே காத்திரக்கவும்.'

"காத்திரக்கவுமாம்! ரு எங்க? ரு-வுக்குச் சுழி எங்க? ஒரு சுழி போடக்கூடவா இவங்களுக்குக் கை வலிக்குது?"

நானா இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். எனக்கு அந்தக் கடதாசி கலங்கிப்போய் ஓரெழுத்தும் தெரியவில்லை.

"என்னடி அழுவுற?" என்றார் அக்கா. "போய் அந்த நர்ஸம்மாகிட்ட ஒரு பேனா வாங்கிட்டு வா."

வாங்கி வந்து கொடுத்தேன். அக்கா சுவருக்குக் கிட்டப் போய், அந்த ர-வின் காலடியில், இருக்கவேண்டிய இடத்தில் சரியாக, ஒரு சுழி போட்டார்.